கயிறும் பரியும்: தாமிரபரணிக் கரையில் குதிரை கட்டிய வரலாறு

குதிரையைக் கட்டுவது என்பது, அவ்விலங்குக்கு இயற்கை அளித்த முதன்மையான பாதுகாப்பாகிய ஓட்டத்தை அதனிடமிருந்து வாங்கி, கட்டியவர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வதாகும். மாட்டுக்குக் கொம்பு உண்டு. நாய்க்குப் பல் உண்டு. குதிரைக்கு உதையும் கடியும் இருப்பினும் அவை இறுதிக் கட்டத்துக் கருவிகளே, அதன் உடலும் மனமும் அமைந்திருப்பதெல்லாம் அஞ்சிய கணமே ஓடுவதற்காகத்தான். எனவே தறியில் நிற்கும் குதிரையின் அமைதியையும் பாதுகாப்பையும் பற்றிய ஆராய்ச்சி, கயிற்றைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அக்கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் மனிதரின் அறிவைப் பற்றியதேயாகும். இலாயம், பந்தி, மந்துரை, கொட்டில் என்று குதிரை நிற்கும் இடத்திற்கும், தறி, முளை என்று அது கட்டப்படும் பொருளுக்கும், வாதுவன் என்று அதனைப் பேணுபவனுக்கும் தமிழ் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. இத்தனை சொற்கள் இருந்த நாட்டில், அதிலும் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலேயே, கட்டிவைத்த குதிரைகள் ஆண்டுதோறும் பெருந்தொகையாக மடிந்தன என்று அயல்நாட்டார் எழுதிவைத்திருப்பதே இவ்வுரைக்கு அடிப்படையாகும்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ள பழையகாயல் இன்று ஒரு சிற்றூர். கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது பாண்டிய நாட்டின் தலைசிறந்த துறைமுகங்களுள் ஒன்றாக இருந்தது. பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையை விட்டுக் கடல் விலகிச் சென்றபின் வணிகமும் கடலைத் தொடர்ந்து கிழக்கே நகர்ந்தது என்பதும், ஆற்று வண்டல் மேலும் படியவே காயலும் தன் முறைக்குக் கைவிடப்பட்டது என்பதும் அறிஞர் ஏற்றுக்கொண்ட செய்தி. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் இவ்விரண்டு ஊர்களிலும் அகழ்ந்து பார்த்து, தாம் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலில் மார்க்கோ போலோ குறிப்பிடும் துறை பழையகாயலே என்று நிறுவினார். முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட அக்காலத்தில் இத்துறைக்கு வந்த சரக்குகளில் விலையுயர்ந்தது குதிரை. குதிரை கடல்வழியாகத் தமிழகத்துக்கு வந்தது அப்போது புதிதன்று. பட்டினப்பாலையே அதனைக் குறிப்பிடுகிறது. ஆயினும் பாண்டியப் பேரரசின் உச்சக் காலத்தில் அவ்வரவு முன்னெப்போதும் இல்லாத அளவிற்குப் பெருகியது.

1292ஆம் ஆண்டை ஒட்டி இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஓர்முசு, கிசு, தோபார், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகள் இங்குக் கொண்டுவரப்பட்டதையும், அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியதையும், அவனுடைய உடன்பிறந்த அரசர்களும் அவ்வாறே வாங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சாததையும் கூறுகிறார். இந்நாட்டில் குதிரை மருத்துவர் இல்லை, குதிரையைப் பேணத் தெரிந்தவரும் இல்லை என்பது அவர் காட்டும் காரணம். அதைவிடக் கூர்மையான செய்தி ஒன்றையும் அவர் சேர்க்கிறார்: குதிரை கொண்டுவரும் வணிகர்கள் தம்முடன் குதிரை மருத்துவர் எவரையும் அழைத்து வருவதில்லை, வர விரும்புவோரையும் தடுத்துவிடுகிறார்கள், ஏனெனில் குதிரைகள் இறந்தால்தான் மறு ஆண்டும் குதிரை விற்கும்.

பாரசீகத்து வரலாற்றாசிரியர் வசாப் சில ஆண்டுகள் கழித்து எழுதிய நூல் இதே வணிகத்தை விற்பவர் பக்கத்திலிருந்து காட்டுகிறது. கிசுத் தீவின் தலைவர் சமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளில் ஆண்டுக்கு 1,400 அனுப்புவது என்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை என்றும், வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுப்பது என்றும் உடன்பாடு இருந்ததாம். அதற்கு முந்தைய தலைமுறையிலேயே ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இந்நாட்டுக்கும் பிற இந்தியத் துறைகளுக்கும் வந்தன என்றும் அவற்றின் மதிப்பு 22 இலட்சம் தினார் என்றும் அவர் கணக்குக் கூறுகிறார். இவ்வுரையின் பொருளுக்கு இன்றியமையாத பகுதி அடுத்து வருகிறது. வந்திறங்கிய குதிரைக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த தானியத்தை வெண்ணெயிட்டுக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்து, அது கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் கயிறும் முளையும் கொண்டு இலாயத்தில் கட்டிவைத்தனர். பின்னர் எவ்விதப் பயிற்சியும் தராமல், அங்கவடி முதலிய சேணக் கருவிகளும் இல்லாமல், வீரர்கள் அதன்மேல் ஏறி விரட்டினர். சிறிது காலத்திலேயே வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் எதற்கும் பயன்படாதவையாயின என்பது அவர் கூற்று.

இச்சான்றுகளை அப்படியே ஏற்பது தவறு. மார்க்கோ போலோ எண்களைப் பெருக்கிச் சொல்லும் இயல்பினர். வசாப் இந்நாட்டுக்கு வந்தவர் அல்லர், வணிகர் வாய்மொழியை அலங்கார நடையில் எழுதியவர். குதிரை விற்றவருக்கோ, சரக்கில் குறை இல்லை, வாங்கியவர் கையில்தான் குறை என்று சொல்வது எப்போதும் வசதியானது. நோயும் வெப்பமும் பூச்சியும் எத்தனை குதிரைகளைக் கொன்றன என்பதை இவ்விருவரும் பிரித்துக் காட்டவில்லை. எனினும் நாற்பது நாள் கட்டு, கொழுத்த தீனி, திடீர் ஓட்டம் என்று வசாப் தரும் வரிசை, கற்பனையில் எழுதக்கூடியதாகத் தோன்றவில்லை. ஏனெனில் அம்மூன்றும் அதே வரிசையில் சேர்ந்தால் குதிரைக்கு என்ன நேரும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவம் நன்கறியும்.

உழைக்கும் குதிரைக்கு வேலையை நிறுத்தி, தீனியை மட்டும் குறைக்காமல் கட்டிவைத்து, பின்னர் ஒரே நாளில் கடுமையாக ஓட்டினால், அதன் பின்புறத்துப் பெருந்தசைகள் இறுகிச் சிதைகின்றன. குதிரை அடியெடுத்து வைக்க இயலாமல் வியர்த்து நிற்கிறது. சிதைந்த தசையின் நிறப்பொருள் கலந்து சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்குகிறது. சிறுநீரகம் பழுதுற்று இறப்பதும் உண்டு. ஐரோப்பாவில் ஞாயிற்றுக்கிழமை முழுத் தீனியுடன் ஓய்ந்திருந்த வண்டிக் குதிரைகள் மறுநாள் காலையில் இவ்வாறு விழுந்ததால், இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் வழங்கிற்று. ஆங்கிலேயக் குதிரைக்காரர் வழக்கில் இந்நோயின் மற்றொரு பெயர் ‘கட்டுண்டு போதல்’ என்று பொருள்படுவது என்பது, காயல் இலாயங்களை நினைப்பவருக்கு வியப்பளிக்கும் ஒற்றுமை. இதனோடு, மாவுச்சத்து மிகுந்த தானியத்தை அளவின்றி உண்ட குதிரைக்குக் குளம்பின் உட்புறத் தகடுகள் அழன்று கால் ஊன்ற முடியாமற்போகும் குளம்பழற்சியும், குடல் முறுக்கேறித் துடிக்கும் சூலையும் வருகின்றன. சோற்றையும் சமைத்த இறைச்சியையும் குதிரைக்குக் கொடுத்ததாக மார்க்கோ போலோ கூறுவது உண்மையானால், குதிரை இறந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நாளின் பெரும்பகுதியைப் புல் மேய்ந்தே கழிக்கும் விலங்கு குதிரை. மெல்லும்போது மட்டுமே அதற்கு உமிழ்நீர் சுரக்கிறது. இரைப்பையில் அமிலமோ இடைவிடாது சுரக்கிறது. ஆதலால் வாயில் புல்லின்றித் தறியில் நிற்கும் ஒவ்வொரு மணியும் அதன் இரைப்பையைப் புண்ணாக்கும் மணியாகிறது. நெல்லைச் சீமையில் காணம் என்று வழங்கும் கொள்ளு, ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொடுத்தால் நல்ல தீனிதான். ஆனால் புல்லுக்கு அது ஈடாகாது. (பழங்கல்வெட்டுகளில் காணம் என்பது பொன்னையும் குறிக்கும். காணம் கொடுத்து வாங்கிய குதிரைக்குக் காணத்தையே தீனியாக வைத்த நாடு இது.)

குதிரையோடு அதனைப் பேணும் அறிவு வரவில்லை என்பதே இவ்வரலாறு காட்டும் குறை. தமிழர் மரபு இக்குறையை உணராமலும் இல்லை. மாணிக்கவாசகர் வரலாற்றில், இறைவன் குதிரை வணிகனாக மதுரைக்கு வந்து பாண்டியனிடம் குதிரைகளை ஒப்படைக்கும் இடத்தில், கயிறு மாறிக் கொடுத்தல் என்னும் சடங்கு நடைபெறுகிறது. விற்பவர் கையிலுள்ள கயிறு வாங்குபவர் கைக்கு மாறிய கணத்திலிருந்து குதிரைக்கு என்ன நேர்ந்தாலும் அது வாங்கியவர் பாடு என்பது அதன் பொருள். அதாவது கயிறு என்பது இங்கு உடைமையின் அடையாளம் மட்டுமாக நிற்காமல் பொறுப்பின் அடையாளமாகவும் நிற்கிறது. கயிறு மாறியபின் நடந்ததைத் திருவிளையாடற் புராணம் கூறும்: வந்த பரிகள் நள்ளிரவில் நரிகளாகி, பந்தியில் முன்பே கட்டியிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பக்தி நோக்கில் இது இறைவன் திருவிளையாட்டு. குதிரை நோக்கில் பார்ப்பவருக்கோ, நரி சிறிது, குதிரை பெரிது, ஆயினும் கடிபட்டது குதிரை என்பதே கண்ணில் படும். திறந்த வெளியில் ஒரு நரி குதிரையை நெருங்காது. கட்டப்பட்டிருந்தமையால்தான் அவை கடிபட்டன.

கட்டுண்ட குதிரையின் அச்சத்தை அறிய அதன் பார்வையிலிருந்து தொடங்க வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ முழு வட்டத்தையும் அது காண்கிறது. நெற்றிக்கு நேர்முன் சிறிதளவும் வாலுக்கு நேர்பின்னுமே அதற்குக் குருட்டிடங்கள். பின்னாலிருந்து ஓசையின்றி வருபவர் அதற்கு மனிதராகத் தோன்றுவதில்லை, இரை தேடும் விலங்காகவே தோன்றுகிறார். கட்டியிருக்கும் குதிரையை எப்போதும் தோள்பக்கமாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அணுக வேண்டும் என்று குதிரைக்காரர் வற்புறுத்துவது இதனால்தான். அஞ்சிய குதிரை முதலில் பின்வாங்குகிறது. உடனே கயிறு இறுகி, காதுகளுக்குப் பின்னுள்ள உச்சிப்பிடரியில் பட்டை அழுத்துகிறது. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவது அதன் பிறவிக் குணமாதலால், அது மேலும் வலிந்து இழுக்கிறது. இழுக்க இழுக்க அழுத்தம் கூடுகிறது. முதல் அச்சத்திற்குக் காரணமான காகிதமோ வெடியோசையோ மறைந்துவிட்டாலும், தன்னைப் பிடித்திருக்கும் கயிறே இப்போது அச்சத்திற்குக் காரணமாகிவிடுகிறது. இந்நிலையில் கயிறு திடீரென அறுந்தால் குதிரை பின்புறமாக மல்லாந்து விழுந்து மண்டை உடைவதும், அறாவிட்டால் கழுத்துத் தசையும் எலும்பும் சேதமுறுவதும் நேரக்கூடியவை. ஒருமுறை இவ்வாறு இழுத்து விடுபட்ட குதிரை, இழுத்தால் விடுதலை கிடைக்கும் என்று கற்றுக்கொள்கிறது. அப்பாடத்தை மறக்கச் செய்வது மிகக் கடினம்.

ஆகவே கட்டும் பொருள் அசையாததாக இருக்க வேண்டும் என்பது முதன்மையான விதி. நிலத்தில் ஆழ ஊன்றிய தறியும் உயிருள்ள மரத்தின் அடியும் தகுதியானவை; வேலிக் குறுக்குச் சட்டம், கதவு, கட்டைவண்டி, இருசக்கர வண்டி ஆகியவை தகாதவை. முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள விலங்கு இழுத்தால் இவையெல்லாம் பெயர்ந்து வரும். பெயர்ந்த பொருள் கயிற்றோடு சேர்ந்து பின்னாலேயே உருண்டு வரும்போது, தன்னை ஏதோ துரத்துகிறது என்று குதிரை உணர்ந்து ஓடும் ஓட்டத்தை எவராலும் நிறுத்த இயலாது. முடிச்சு குதிரையின் தோள்மேட்டின், அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தின் உயரத்திற்குக் கீழே அமையக் கூடாது. கீழே கட்டினால் அது முதுகின் முழு வலிமையையும் கொண்டு இழுக்க முடியும், முன்காலும் கயிற்றில் சிக்கும். முடிச்சுக்கும் முகத்துக்கும் இடையே இரண்டு முதல் மூன்றடி இடைவெளி போதும். ஆட்டையும் மாட்டையும் நீளக் கயிற்றில் கட்டி மேயவிட்டுப் பழகிய நம் மக்கள் குதிரைக்கும் அவ்வாறே செய்வது, நல்லெண்ணத்தால் விளையும் விபத்து. மாடு காலில் கயிறு சுற்றினால் பொறுமையாக நிற்கும், குதிரை கால் எலும்பு முறியும்வரை உதறும்.

கடிவாளத்தை வைத்துக் கட்டுவது பெரும் பிழை. கடிவாளம் என்பது வாயினுள் பற்களற்ற ஈறின்மீது படியும் இரும்பு. குதிரை பின்வாங்கினால் அது நாக்கையும் தாடையையும் கிழித்துவிடும். வாயில் இரும்பில்லாமல் முகத்தையும் பிடரியையும் மட்டும் சுற்றும் தலைப்பட்டையில்தான் கட்டுக்கயிற்றைப் பூட்ட வேண்டும். அப்பட்டை தோலாலோ பருத்தியாலோ ஆனதாயின், உயிருக்கு ஆபத்தான இழுப்பில் எலும்புக்கு முன் அது அறும், நைலான் அறாது. தென்னங்கயிறு தோலை அராவும். நைலான் கயிறு கைக்குள் ஓடினால் கட்டுபவரின் உள்ளங்கையையே எரித்துவிடும். பருமனான பருத்திக் கயிறே இரு தரப்புக்கும் உகந்தது. கழுத்தில் உருவாஞ்சுருக்கு, அதாவது இழுக்க இழுக்க இறுகும் கண்ணி, எக்காரணம் கொண்டும் கூடாது. தறியில் போடும் முடிச்சோ அதற்கு நேர்மாறான குணம் உடையதாக இருக்க வேண்டும்: குதிரை இழுத்தால் நிற்க வேண்டும், மனிதர் தொங்கும் முனையை இழுத்தால் ஒரே உருவலில் அவிழ வேண்டும். கயிற்றின் முனையை முழுவதும் கோத்து வெளியே எடுக்காமல், மடிப்பை மட்டும் கண்ணியினுள் செலுத்தி இறுக்குவதால் இவ்வியல்பு கிடைக்கிறது. இம்முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் அவிழ்க்கவும் வராதவர் குதிரையைக் கட்டும் தகுதி பெறவில்லை என்று கருதுவதில் தவறில்லை.

அறும் கட்டு நல்லதா, அறாக் கட்டு நல்லதா என்பதில் குதிரை வளர்ப்போரிடையே நீண்ட வழக்கு உண்டு. தறியின் வளையத்தில் மெல்லிய சணல் கயிற்றால் ஒரு கண்ணி அமைத்து, அதில் கட்டுக்கயிற்றைப் பூட்டினால், பேரிழுப்பில் சணல் அறுந்து குதிரை தப்பும் என்பர் ஒரு சாரார். அது குதிரைக்கு அறுக்கக் கற்பிப்பதாகும் என்பர் மறுசாரார். இடம் நோக்கி முடிவு செய்வதே பொருத்தம். சுற்றுச்சுவரும் பூட்டிய வாயிலும் உள்ள இடத்தில் அறும் கட்டே உயிர்காப்பது. நெடுஞ்சாலையை ஒட்டிய தோப்பில், அறுத்துக்கொண்டு ஓடும் குதிரை தன்னையும் எதிரே வருவோரையும் சேர்த்து அழிக்கும். அங்கே அறாக் கட்டும், அருகிலேயே நிற்கும் ஆளும் வேண்டும். ஆள் இல்லாமல் சாலையோரத்தில் கட்டுவதற்கு எந்த முடிச்சும் போதாது.

கட்டில் நிற்பது குதிரைக்குக் கற்பிக்கப்பட வேண்டிய பாடம் என்பதைப் பலரும் அறிவதில்லை. இளங்குதிரைக்குக் கயிற்றை மெல்ல முன்னோக்கி இழுத்துப் பிடித்து, அது எதிர்த்துக்கொண்டிருக்கும்வரை அதே அழுத்தத்தை மாற்றாமல் வைத்திருந்து, தலையை ஓர் அங்குலம் முன்னே தந்த கணமே தளர்த்திவிட வேண்டும். தளர்வே அதற்குப் பரிசு. அழுத்தத்திற்கு இணங்கினால் அழுத்தம் நீங்கும் என்பதை அது நன்கு உணர்ந்தபின், கயிற்றைத் தறியில் முடிச்சின்றி ஒரு சுற்று மட்டும் சுற்றி, முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது அடுத்த படி. குதிரை பின்வாங்கினால் கயிறு உராய்ந்து சற்று ஓடும், அதனால் அச்சம் பெருகாது, ஆயினும் முழு விடுதலையும் கிடைக்காது. இவ்வாறு சில நிமிடத்தில் தொடங்கி நாள்தோறும் நேரத்தை நீட்டிக்கொண்டு போக வேண்டும். நிலத்தைக் காலால் பறிப்பது, கண்வெள்ளை தெரிய விழிப்பது, காதைப் பின்னோக்கி மடிப்பது, வாலை அடிப்பது ஆகியவை பொறுமை குறைவதன் அறிகுறிகள். குதிரை துள்ளும்போது அவிழ்க்காமல், அமைதியடைந்த நொடியில் அவிழ்ப்பதில் பயிற்றுநரின் திறமை இருக்கிறது.

படைகளில் வழங்கிய முறை வேறு. தலையிலிருந்து இரு கயிறுகளை இருபுற முளைகளுக்கும், பின்கால்களிலிருந்து ஒரு கயிற்றைப் பின்புற முளைக்கும் இழுத்துக் கட்டுவதை அகாடி பிச்சாடி என்பர். உருதுவழி வந்த இச்சொற்கள் தமிழகராதியிலும் இடம்பெற்றவை. இந்தியப் படைகளில் விதையடிக்காத ஆண் குதிரைகளே மிகுதியாக இருந்தமையால், அவை ஒன்றையொன்று உதைத்துக் கொல்லாமல் வரிசையாக நிறுத்த இம்முறை தேவைப்பட்டது. கயிற்றுக்குத் தளர்வு விட்டால் குதிரை படுக்கவும் முடியும் என்பது இதன் நன்மை. கால் மூட்டுக்குக் கீழே மென்தோலைக் கயிறு அறுத்துப் புண்ணாக்குவது இதன் தீமை. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் பின்கால் கட்டிய குதிரைகளை இன்றும் காணலாம். துணி சுற்றிய அகன்ற பட்டையும், பழகிய குதிரையும், கண்முன் நிற்கும் ஆளும் இருந்தாலன்றி இம்முறையை இக்காலத்தில் பரிந்துரைக்க இடமில்லை.

படுக்க முடிவது ஏன் முக்கியம் என்பதற்குச் சிறு விளக்கம் வேண்டும். முழங்காற் சில்லைப் பூட்டிக்கொள்ளும் தசைநாண் அமைப்பினால் குதிரை நின்றுகொண்டே உறங்கக் கூடியது என்பது பலரும் அறிந்தது. ஆனால் கனவு காணும் ஆழ்ந்த உறக்கம் படுத்தால் மட்டுமே அதற்கு வாய்க்கும், நாளுக்கு அரைமணி முதல் ஒருமணி வரையேனும் அது தேவை. பல இரவுகள் குறுங்கயிற்றில் நிற்கும் குதிரை, நின்றபடியே முழங்கால் மடிந்து விழுவதுண்டு. தலையை உயர்த்திக் கட்டுவதில் இன்னொரு கேடு உள்ளது. குதிரை தலையைத் தாழ்த்தும்போதுதான் மூச்சுக்குழலில் சேர்ந்த தூசும் சளியும் வடிகின்றன. நெடும்பயணத்தில் தாழ்த்த விடாமல் கட்டிய குதிரைகளுக்கு நுரையீரல் அழற்சி வருவது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஓர்முசுக் கப்பல்களில் சரக்கைத் தோலால் மூடி, அதன்மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவந்தனர் என்கிறார் மார்க்கோ போலோ. தளமற்ற அம்மரக்கலத்தில், கடல் அலையில், அவற்றை இறுக்கிக் கட்டாமல் கொண்டுவந்திருக்க முடியாது. ஆகவே காயல் கரையில் இறங்கிய குதிரைகளில் ஒரு பகுதி இலாயத்தைக் காணுமுன்னரே நோயுற்றிருந்தது என்று ஊகிக்கலாம்.

மன அமைதிக்குத் துணை வேண்டும் என்பதை அர்த்தசாத்திரம் அறிந்திருந்தது. அந்நூலின் குதிரைக் கண்காணிப்பாளர் பற்றிய பகுதி, கடிவாளம் பிடிப்பவர், புல் கொணர்பவர், தீனி சமைப்பவர், நச்சு மருத்துவர் ஆகியோருடன் குதிரை கட்டுபவர் என்று தனியே ஒருவரைப் பணியாளர் வரிசையில் வைக்கிறது. இலாயத்தில் குரங்கு, மயில், கீரி, கிளி முதலியவற்றை வைக்கவும் கூறுகிறது. நஞ்சையும் தீங்கையும் முன்னறிவிக்க என்பது பழைய விளக்கமாயினும், கூட்டமாக வாழப் பிறந்த விலங்கு தனியே நின்றால் உள்ளம் நலியும் என்பதும் அதில் அடங்கியிருக்கலாம். மற்றொரு குதிரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நின்றால் கட்டுண்ட குதிரை பாதி அமைதி பெறும். குதிரை இல்லாத இடத்தில் ஒரு வெள்ளாடு போதும். தனிமையில் கட்டிய குதிரை தலையை இடமும் வலமும் ஓயாது ஆட்டுவதும், மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்குவதும் தீராப் பழக்கமாகிவிடும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு உரிய சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். கோயில் நந்தவனங்களிலும் நாற்கரச் சாலைகளின் நடுவிலும் செழித்து நிற்கும் அரளி, குதிரைக்குக் கொடிய நஞ்சு. ஒரு சிறு கைப்பிடி இலையே இதயத்தை நிறுத்திவிடும், காய்ந்த இலையிலும் நஞ்சு குறைவதில்லை. கயிறு எட்டும் தொலைவில் அரளி இருக்கலாகாது. நிழல் நகரும் என்பதை நினைவில் வைத்துத் தறியைத் தேர வேண்டும். காலை பத்து மணிக்கு நிழலாக இருந்த இடம் சித்திரை நண்பகலில் அடுப்பாகும். வயல் சூழ்ந்த ஊர்களில் மழைக்குப்பின் இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பெருகும். இவை வலியோடு நின்றுவிடாமல், 1880இல் பஞ்சாப் பகுதியில் கிரிபித் எவான்சு கண்டறிந்த சர்ரா நோயின் கிருமியையும் குதிரைக்குக் குதிரை கொண்டுசெல்கின்றன. திறந்த வெளியில் குதிரை ஓடியும் புரண்டும் ஈயைத் தவிர்க்கும். கட்டில் அதற்கு வாலும் தோலின் சிலிர்ப்பும்தான் உள்ளன. ஆதலால் அழகுக்காக வாலை ஒட்ட நறுக்குவது கொடுமை. மாட்டுத் தொழுவங்களில் மாலையில் வேப்பிலை மூட்டம் போடும் நம் வழக்கம் குதிரைக்கும் ஏற்றதே, புகை முகத்தில் அடிக்காமல் காற்றின் போக்கறிந்து போட்டால்.

பந்தியில் நின்ற போர்க்குதிரைகளுக்குப்பின் இந்நாட்டில் நெடுங்காலம் கட்டில் நின்றவை ஜட்கா வண்டிக் குதிரைகள். கண்பட்டை கட்டி, வண்டியோடு பூட்டியபடியே சவாரிக்காகக் காத்து நின்ற அவற்றின் பொறுமையில் பாதி, வண்டிக்காரர் அருகிலேயே இருந்ததன் பயன். அக்காலம் முடியும் தறுவாயில் வந்த 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குறுகியதோ கனத்ததோ ஆன கயிற்றிலோ சங்கிலியிலோ ஒரு விலங்கை நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதைக் குற்றமாக்கியது. முதற்குற்றத்துக்கு அது விதித்த தண்டம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. குதிரையின் விலைக்கும் இத்தொகைக்கும் உள்ள தொலைவைப் பார்த்தால், சட்டத்தை நம்பிக் குதிரை கட்டில் நிற்க முடியாது என்பது விளங்கும்.

இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குதிரையைப் பெருமளவில் காண்பது கோயில் விழாக்களையொட்டி நடக்கும் வண்டிப் பந்தயங்களில்தான். வெளியூர்களிலிருந்து சரக்குந்துகளில் ஏற்றிவரப்பட்டு, இறக்கியவுடன் வண்டியின் பக்கச் சட்டத்திலோ சீமைக் கருவேல மரத்திலோ கட்டப்பட்டு, ஒலிபெருக்கிக்கும் வேட்டுக்கும் நடுவே மணிக்கணக்கில் நின்று, பின்னர் ஒரே மூச்சில் ஓட விடப்படும் குதிரையின் நிலை, வசாப் எழுதிய வரிசையிலிருந்து வெகுதொலைவில் இல்லை. இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் மாவட்டத்தில், மருத்துவர் இல்லை என்று மார்க்கோ போலோ கூறிய காரணத்தை எவரும் இனிக் கூற இயலாது. பந்தயம் நடத்தும் ஊர்க் குழுவினர், ஓடுபாதைக்குக் கொடி நடும் அன்றே, வேட்டுச் சத்தத்திலிருந்து விலகிய ஒரு நிழலிடத்தில் உறுதியான தறிகளை ஊன்றி, அருகே தண்ணீர்த் தொட்டியும் பசும்புல்லும் வைத்து, தறிகளுக்கு ஓர் ஆளைக் காவலிட்டு, குதிரை மருத்துவம் அறிந்த ஒருவரையும் அழைத்து வைக்க வேண்டும். பரிசுத் தொகையோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிகச் சிறியது.